சவரக்கத்தி இலக்கணம்: ஒரு முகத்தை மூலமாகக் கொண்ட ஆய்வு

பாயிரம்

முகத்தில் முளைத்த முடியை மழிப்பது சவரம். இதை இதுவரை எவரும் தக்க சான்றுகளுடன் நிறுவவில்லை என்பது இத்துறையின் பெருங்குறை. முன்னோர் எல்லாரும் நிறுவுவதை விட்டுவிட்டு நேரே சலூனுக்குப் போய்விட்டார்கள்.

மரபுப்படி இந்த இடத்தில் மூன்று பக்கத்துக்குச் சொல்லாராய்ச்சி வரவேண்டும். நான்காம் பக்கத்தில் ‘இது மேலாய்வுக்கு உரியது’ என்று முடிக்கவேண்டும். எனக்குப் பதவி உயர்வு எதுவும் நிலுவையில் இல்லை. ஆகவே அந்த நான்கு பக்கத்தையும் வாசகருக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிடவேண்டும். பிடிக்குள் மடங்கும் ஒற்றை அலகுச் சவரக்கத்தி மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிளேடைப் பாதியாக ஒடித்துச் செருகும் இன்றைய சலூன் கத்தி விலக்கப்படுகிறது. எய்ட்ஸ் விழிப்புணர்வுப் பிரசாரம் ஊரெல்லாம் பரவிய பிறகு, வாடிக்கையாளர் கண்முன் உறையைக் கிழித்துப் புது பிளேடு போடுவதே வழக்கமாகிவிட்டது. அது சுகாதாரம். அதில் தீட்டுவதற்கு ஒன்றுமில்லை. தீட்டுவதற்கு ஒன்றுமில்லாத பொருளைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழாது. கருத்து வேறுபாடு எழாத பொருளுக்கு ஆய்வு எதற்கு?

மூலநூல்: என் மைத்துனரின் முகம். முகத்தையும் அதன் உரிமையாளரையும் இனி மை.மு. என்றே குறிப்பேன். வங்கியில் வேலை, வயது முப்பதுக்கு மேல், தாடி அடர்த்தி. ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்த பழைய கத்தி ஒன்றை விலைக்கு வாங்கி, இனி வாழ்நாள் முழுதும் இதனால்தான் சவரம் என்று முடிவெடுத்தவர். மற்ற மூலநூல்களைப் படிக்க அனுமதிக் கடிதம், கையுறை, காப்பாளரின் நல்ல மனநிலை எல்லாம் வேண்டும். இது காலை ஏழு மணிக்குக் குளியலறைக்கு வெளியே நின்றாலே கிடைக்கும். நாள்தோறும் புதிய வரிகளும் சேரும். அவற்றில் எது மூலம், எது இடைச்செருகல் என்று பிரிப்பதே என் வேலை. மோவாயில் பள்ளிப்பருவத்தில் கிரிக்கெட் பந்து பட்ட தழும்பு ஒன்று உண்டு. அது இடைச்செருகல், நீக்கிவிட்டேன்.

வரலாற்றியல்

தனக்குத் தானே சவரம் செய்துகொள்வதைக் கற்பிக்க முழு நூல் எழுதியவர் பாரிசைச் சேர்ந்த ஷான்-ஷாக் பெரே. கத்தி செய்யும் கொல்லர். நூல் வெளிவந்தது 1769இல். தச்சரின் இழைப்புளியைப் பார்த்துக் கத்திக்கு மரத்தில் காப்புறை பொருத்தியவரும் இவரே. அதாவது, தானே சவரம் செய்துகொள்ளலாம் என்று உலகுக்குச் சொன்னவர், அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதையும் அறிந்தே வைத்திருந்தார்.

அடுத்து கிங் கேம்ப் ஜில்லெட். 1903இல் அவருடைய நிறுவனம் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. நம்மூர் ஆய்வு நூல் ஒன்றின் முதலாண்டு விற்பனையோடு ஒப்பிட்டால் 51 என்பது அமோகம். மறு ஆண்டு அது 90,000-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. அன்றிலிருந்து கூர் மழுங்கினால் தூக்கி எறிவது நாகரிகம், தீட்டுவது பொழுதுபோக்கு.

சோலிங்கன் என்ற பெயரைக் கண்ட இடத்துக் கத்தியில் எல்லாம் பொறிக்கக்கூடாது என்று ஜெர்மனியில் 1938இலேயே சட்டம் போட்டார்கள். மைத்துனரின் கத்தியில் அந்தப் பெயர் இருக்கிறது. சட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா என்பது தெரிந்துவிட்டால் இவ்வியல் முடிந்துவிடும் என்பதால் அதை விசாரிக்கவில்லை.

திருக்குறளின் 280ஆம் பாடல், உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் தலையை மழிக்கவும் வேண்டாம், சடை வளர்க்கவும் வேண்டாம் என்கிறது. மாமனார் இதை மை.மு.வுக்கு அடிக்கடி நினைவூட்டுகிறார். கத்தியை எந்தக் கல்லில் தீட்டவேண்டும் என்பது பற்றி வள்ளுவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது மை.மு.வின் மறுப்பு.

தத்துவ இயல்

தேவைக்கு மேற்பட்ட கருதுகோள்களை வெட்டி எறியச் சொன்ன ஒக்காம் என்ற ஆங்கிலத் துறவியின் கத்தி: இதைத் தீட்டவேண்டியதில்லை.

தத்துவவாதி ரஸ்ஸல் 1918இல் ஒரு புதிர் சொன்னார். ஓர் ஊரில் ஒரு நாவிதர். தனக்குத் தானே சவரம் செய்துகொள்ளாத எல்லாருக்கும் அவர் செய்வார். செய்துகொள்பவர் எவருக்கும் செய்யமாட்டார். அவருக்கு யார் செய்வது? தருக்க நூலார் நூறாண்டாக இதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் தெரு சலூனில் மதியம் கூட்டம் குறைந்ததும் பக்கத்து நாற்காலிக்காரர் செய்துவிடுகிறார்.

கிழமை இயல்

ஒரே கத்தியைத் தினமும் எடுத்தால் அது களைத்துவிடும், ஒருநாள் ஓய்வு கொடுத்தால் கூர் தானே திரும்பும் என்று மேற்கத்திய நாவிதர் பலர் நம்பினர். இந்த நம்பிக்கையை மதித்து, வாரத்துக்கு ஏழு கத்தி கொண்ட பெட்டிகள் விற்கப்பட்டன. ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமைப் பெயர் பொறித்திருக்கும். பணக்கார வீட்டு மாப்பிள்ளைக்கு ஏற்ற சீர்.

அப்பெட்டி தமிழ்நாட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை எந்த அறிஞரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சலூனுக்கே விடுமுறை. வெள்ளிக்கிழமை வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முகத்தில் கத்தி வைக்கமுடியாது. ஆக இரண்டு கத்திகள் உறையிலிருந்து வெளியே வராமலே தலைமுறை தாண்டும். அமாவாசை, கிருத்திகை, பிறந்த நட்சத்திரம் இவற்றைக் கழித்தால் மீதமுள்ள ஐந்தும் மாறி மாறிப் பட்டினி கிடக்கும். சபரிமலைக்கு மாலை போட்டாலோ ஏழுக்கும் ஒரேயடியாக மண்டல ஓய்வு. களைப்புக் கோட்பாடு மெய்யானால் உலகிலேயே கூர்மையான கத்திகள் நம்மிடம்தான் இருக்கவேண்டும். பழைய பெட்டி ஒன்று எங்கேனும் கிடைத்து, அதில் செவ்வாய், வெள்ளிக் கத்திகள் மட்டும் பளபளவென்று இருந்தால், அது தமிழர் வீட்டுப் பெட்டி என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யலாம். ஆய்வாளர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் காலக்கணிப்புகளைவிட இது நம்பகமானது.

கோண இயல்

கத்தியின் முதுகு தோலிலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயர்ந்திருக்கவேண்டும். குறைந்தால் முடியைப் பிய்க்கும்; கூடினால் தோலை அறுக்கும். இதைச் சரிபார்க்க மை.மு. என் மகளின் ஜாமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். நுரையில் அது வழுக்கியது. வழுக்காவிட்டாலும் பயனில்லை: கன்னம் வளைவு, வளைவின்மேல் கோணம் அளக்கத் தொடுகோடு வரையவேண்டும், தொடுகோடு பத்தாம் வகுப்புப் பாடம், மகள் எட்டாம் வகுப்பு. இவ்வியலின் எஞ்சிய பகுதி அவள் தேறி வந்தபின் எழுதப்படும்.

அதுவரை கற்பவருக்குச் சில சூத்திரங்கள். வெந்நீரில் முகத்தை நன்றாக ஊறவிடு. முதலில் கன்னம் மட்டும். மற்ற இடங்களைச் சாதாரண ரேசரிடம் விட்டுவிடு. கத்தி பிடிக்காத கையால் தோலை இழுத்துப் பிடி. முடி படிந்த திசையிலேயே போ. கத்தியின் எடையே போதும், அழுத்தாதே. பக்கவாட்டில் மட்டும் நகர்த்தாதே (மை.மு., வலக்கன்னம், வரி 1). இடக்கன்னத்துக்கு இடக்கையைப் பழக்கு, வலக்கையையே மூக்கைச் சுற்றிக் கொண்டுவந்தால் முழங்கை கண்ணாடியை மறைக்கும் (மை.மு., இடக்கன்னம், வரிகள் 2, 3, ஒப்புநோக்குக: காதுமடல்). மோவாயில் தோல் வளைந்து திரும்பும் இடத்தில் வேகம் கூடாது (மை.மு., மோவாய், திருத்திய இரண்டாம் பதிப்பு, ஞாயிறு காலை, முதற்பதிப்பில் இவ்வரி இல்லை). முடிந்ததும் படிகாரம் தடவு. எங்கெங்கே அழுத்தினாய் என்பதை அது எரிச்சலாகச் சொல்லும் (மை.மு., கழுத்து, குரல்வளைக்கு இடப்புறம் இரண்டு விரற்கடை, சிதைந்த பகுதி, படிகாரம் தடவியபின் தெளிவாகப் படிக்கமுடிகிறது, மாமியார் காட்டும் பாடபேதம்: ‘பரு’).

கல்லியல்

கல்லின் எண் ஏற ஏற அது நயமாகும், விலையும் ஏறும். 1000 எண் கல்லில் அலகின் இரு முகங்களும் ஒரு கோட்டில் சந்திக்கவேண்டும். சந்திக்காவிட்டால் பிறகு 4000, 8000, 12000 எல்லாம் மினுமினுப்புக்கு மட்டுமே. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படும்படி கத்தியைப் படுக்கவைத்து, விளிம்பு முன்செல்லத் தள்ளவேண்டும். கோணத்தைக் கத்தியே பார்த்துக்கொள்ளும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் கல்லில் கார்னெட் மணிகள் நுண்ணிதாக விரவிக் கிடக்கின்றன; அதன்மேல் ஆசைப்பட்டு வீட்டுக்கடன் விண்ணப்பம் பார்க்கும் நாற்காலியிலிருந்தே மை.மு. பெருமூச்சு விடுகிறார்.

தேய்க்கும்போது முதுகும் சேர்ந்து தேயுமே, அதைக் காக்க அங்கே எலக்ட்ரீஷியன் டேப் ஒட்டலாமா கூடாதா என்பது இத்துறையின் வடகலை தென்கலை. இரு கட்சியாரும் நல்ல கத்தி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் தண்ணீர் குடிப்பதில்லை.

வாரியல்

கல்லில் முன்னோக்கிப் போன கத்தி தோல்வாரில் பின்னோக்கிப் போகும்: முதுகு முன்னே, விளிம்பு பின்னே. திருப்பும்போது முதுகின்மேல் உருட்டவேண்டும். விளிம்பின்மேல் உருட்டினால் வார் வெட்டுப்படும் (காண்க: மேற்படி வார், மேல்முனையிலிருந்து ஒரு சாண், குறுக்குவெட்டு, ஆழமானது, உடன்நிகழ்வாக மை.மு.வின் வாய்மொழி வழக்கு, அச்சிட இயலாதது). வாரைத் தொய்வாகப் பிடித்தால் விளிம்பு உருண்டு மழுங்கும்.

பழைய நாவிதர்கள் வார் இல்லாவிட்டால் உள்ளங்கையிலேயே இரண்டு தேய்ப்புத் தேய்த்துக்கொள்வார்கள். செய்தவர்கள் எழுதவில்லை. எழுதியவர்கள் உள்ளங்கையில் காய்ப்பு இல்லை. தமிழில் தொழில் பற்றிய ஆய்வுகள் பலவற்றுக்கும் இதுவே பொதுச் சூத்திரம்.

முடிச்சோதனை இயல்

இனி ஆய்வின் நடுமையத்துக்கு வருகிறோம்.

கத்தி போதிய கூர் பெற்றதா என்று எப்படி அறிவது? சவரம் செய்து பார்க்கலாம். இம்முறை மிக எளிது என்பதால் அறிஞர்களால் கைவிடப்பட்டது. கட்டைவிரல் நகத்தில் விளிம்பை மெல்ல இழுத்துப் பார்ப்பது இன்னொரு முறை. நகத்தில் இழுக்க இழுக்கச் சோதிக்கப்படும் கூரே குறையும். எஞ்சுவது தொங்குமுடிச் சோதனை: ஒரு முடியை விரல்நுனியில் தொங்கவிட்டு அதன் குறுக்கே விளிம்பைக் கொண்டுபோனால், அழுத்தாமலே அறுந்து விழவேண்டும்.

கேட்க எளிது. ஆனால் யாருடைய முடி?

இக்கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் ஆய்வு விரிந்துவிட்டது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டர் வரை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் முடியில் தேறிய கத்தி இன்னொருவர் முடியில் தோற்கும். மை.மு.வின் தலையில் ஆய்வுக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு இருப்பு இல்லை. உள்ளதை அவரே சிக்கனமாகச் செலவிட்டு வருகிறார். எனவே தரவு என் மனைவியிடமிருந்து, அதாவது அவருடைய அக்காவிடமிருந்து, சீப்பு வழியாகத் திரட்டப்பட்டது.

உடனே அடுத்த சிக்கல். சீகைக்காய் போட்டுக் குளித்த நாளின் முடியா, எண்ணெய் வைத்த நாளின் முடியா? எண்ணெய் முடியில் விளிம்பு வழுக்கிப் போனது. கழுவிய முடி டப்பென்று அறுந்தது. அப்படியானால் அறுத்தது கத்தியா, சீகைக்காயா? இதைத் தனி இயலாக்கவேண்டும் என்று மை.மு. வாதிட்டார். நான் அடிக்குறிப்பு போதும் என்றேன். இருவரும் பேசிக்கொள்ளாத அந்த வாரத்தில் கத்தியில் லேசாகத் துரு பிடித்தது. எங்கள் தூத்துக்குடி உப்புக்காற்றில் கார்பன் எஃகைத் துடைக்காமல் வைத்தால் அதற்கு வாரம் தேவையில்லை, ஓர் இரவு போதும். துடைத்து, உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுத்து வைக்கவேண்டும். தேங்காயெண்ணெய் பூசினால் நாளடைவில் குளியலறை பழைய எள்ளுருண்டை டப்பா மாதிரி வாடை அடிக்கும்.

அடுத்து, முடியை எந்த முனையில் பிடிப்பது? இது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. முடியின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. நுனியைப் பிடித்து வேர்ப்பக்கத்தைத் தொங்கவிட்டால் ஒரு முடிவு. வேரைப் பிடித்து நுனியைத் தொங்கவிட்டால் வேறு முடிவு. ஆனால் சீப்பிலிருந்து எடுத்த முடியில் வேர் எது நுனி எது? விரலிடை வைத்து நீளவாக்கில் முன்னும் பின்னும் தேய்த்தால் அது தானே ஒரு பக்கமாக நகரும். நகரும் பக்கம் வேர். இதைக் கண்டதும் மை.மு. அடைந்த மகிழ்ச்சியை அவருடைய திருமண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை. அன்று மாலை முழுவதும் வேர்க் கட்டு, நுனிக் கட்டு என்று இரண்டு உறைகளில் முடி பிரித்துவைக்கப்பட்டது. உறைகளின் மேல் வங்கி முத்திரை.

பிறகு ஒப்பீட்டுத் தரவு. மாமியாரின் நரைமுடி கேட்கப்பட்டது. ‘உயிரோட இருக்கும்போதே முடி எடுக்கியா’ என்று அவர் மறுத்துவிட்டார். என் மகளின் முடி மெல்லியது. அதில் தேறிய கத்தியைத் தேறியதாகக் கொள்ளலாகாது. பக்கத்து வீட்டு நாயின் முடி, அறம் கருதி, வேண்டாம் என்று விடப்பட்டது. கடைசியில் தர அளவுகோலாக மனைவியின் முடியே நிறுவப்பட்டது: பிடரிப் பக்கம், கழுவியது, உலர்ந்தது, வேர் வெளியே. இந்தத் தீர்மானம் அளவுகோலின் உரிமையாளருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவர் வாய்மொழித் தேர்வுக்குப் புறத் தேர்வாளராகத் தாமே வந்து சேர்ந்தார்.

“ஏல, மூஞ்சில இருக்கத அறுக்கச் சொன்னா ஏந்தலையில இருக்கத அறுத்துட்டு இருக்கியே?”

“அக்கா, இது சோதனைதான். கூர் வந்துட்டான்னு பாக்கேன்.”

“வந்துட்டா?”

“நேத்தே வந்துட்டு.”

“பின்ன செரைக்க வேண்டியதான?”

“இன்னைக்கு வெள்ளிக்கெழமல்லா. அதுக்குள்ள சும்மா இருப்பானேன்னு திரும்பவும் பாத்தேன். இப்போ கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி தெரியுது. அத்தான்கிட்ட கேளு.”

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

எனினும் மை.மு. தற்செயலாக ஓர் உண்மையைத் தொட்டிருந்தார். முடியை அறுப்பதால் எஃகு கெடுமா? கெடும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரோஷியோலி, டாசன் ஆகியோர் இதை ஆராய்ந்து 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பிளேடின் எஃகைவிட முடி ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு மழுங்குகிறதே, ஏன் என்பது அவர்கள் கேள்வி. விளிம்பு தேய்ந்து உருண்டையாகும் என்று எதிர்பார்த்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பில் பொக்கை விழுந்திருந்தது. எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. நெகிழ்ந்த இடமும் விறைத்த இடமும் ஒட்டியிருக்கும் விளிம்பில், வளையக்கூடிய முடி ஒன்று சாய்வாக மோதினால், ஒரே ஒரு முடிகூட அங்கே சில்லைப் பெயர்த்துவிடும். இவ்வளவும் மெய், இக்கட்டுரைக்காக நான் எதையும் கூட்டவில்லை. இதில் எனக்குள்ள ஒரே மனக்குறை, ஆரம்பச் சோதனைக்கு ரோஷியோலி தம் முகத்தையே சவரம் செய்து, பிளேடுகளை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனார் என்பதே. பாவம், அவருக்கு மைத்துனர் இல்லைபோலும்.

ஆகவே இவ்வியலின் முடிபு: தொங்குமுடிச் சோதனை கூரை அளக்கிறது, அளக்கும்போதே முடி கூரைத் தின்கிறது, தின்றது போக எஞ்சியதை அறிய மறுபடி சோதிக்கவேண்டும், குறைந்திருந்தால் மறுபடி கல், வார், சீப்பு. இந்தச் சுற்றில் தாடிக்கு இடமே இல்லை. ஒரு பாட்டின் ஒரு சீருக்கு நாற்பது பக்கம் எழுதி, அந்தப் பாட்டை அதற்குப் பிறகு யாரும் படிக்கவிடாமல் செய்த உரைகள் நம்மிடம் உண்டு, மை.மு.வுக்கு முன்னோடிகள் இல்லை என்று யாரும் சொல்லிவிடமுடியாது. கத்தி வாங்கியது முதல் அறுபட்ட முடி முழுவதையும் ஒரு தட்டில் இட்டால், அதில் தாடியைவிட அக்கா முடி அதிகம் என்பது எடையிட்டு அறிந்ததன்று, வீட்டாரின் ஒருமித்த கருத்து.

புறனடை

காதோரம் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. எனவே இங்கு விவாதிக்கப்படவில்லை.

எதிர்த்திசைச் சவரம், அதாவது முடி படிந்த திசைக்கு எதிராகக் கத்தியை ஓட்டுவது, தேர்ந்தோருக்கு உரியது. மை.மு. தாம் தேர்ந்துவிட்டதாக ஒரு சனிக்கிழமை இரவு அறிவித்தார். மறுநாள் மூலநூல் பார்வைக்கு வைக்கப்படவில்லை.

மேலுதடு தனி நூலுக்கு உரிய களம். மூக்கு குறுக்கே நிற்பதால் அங்கே கத்தியை எப்பக்கமாகக் கொண்டுபோவது என்பதில் இன்னும் தெளிவில்லை. மூக்குநுனியை விரலால் தூக்கிப்பிடிக்கவேண்டும் என்பது ஒரு சாரார் கொள்கை. உதட்டைப் பல்லின்மேல் இறுக்கினாலே போதும் என்பது மறு சாரார் கொள்கை. இது குறித்து மை.மு.வில் ஒரே ஓரிடத்தில்தான் சான்று கிடைக்கிறது. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததால் படிக்கமுடியவில்லை.